உஷார்! கம்பை நீட்டுமுன் சுற்றிப் பாருங்கள்

ஓடும் ரயிலின் வாசலில் நின்று செல்பி ஸ்டிக்கை வெளியே நீட்டாதீர்கள். இடி முழங்கும் நேரத்தில் மலை மேட்டில் நின்று அதை உயர்த்தாதீர்கள். ஆற்றுக்கும் யானைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு போனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்கள் இந்த மூன்றை மட்டுமாவது வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இதை வரக்காப்பொலையிலிருந்து எழுதக் காரணம் இருக்கிறது. கொழும்பு – கண்டி வீதியில் மலைநாட்டுக்கு ஏறும் வேன்களும் பஸ்களும் இங்கே நிற்காமல் போவது குறைவு. தலகுளி வாங்கவும், ஹலப்ப வாங்கவும், ஒரு பிளேன்டீ குடிக்கவும் இறங்குகிறார்கள். பின்னவலைக்குப் போகிறவர்கள், கண்டிக்குப் போகிறவர்கள், ருவன்வெல்லைப் பக்கம் திரும்பிக் கித்துல்கலைக்குப் போகிறவர்கள் எல்லோரையும் இந்த ஊர் பார்க்கிறது. நம் தோட்டங்களிலிருந்தும் சித்திரை வருடப்பிறப்புக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் காசு சேர்த்து வேன் பிடித்துக் கிளம்புகிறார்கள். எந்த வேனைப் பார்த்தாலும் ஒரு செல்பிக் கம்பாவது கண்ணில் படுகிறது.

வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும்

ஒரே வேனுக்குள்ளேயே இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. வேண்டும் என்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் போகும் பயணத்தில் படம் எடுப்பவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். பல வீடுகளில் அது அப்பா, இல்லையென்றால் மூத்த அண்ணன். கம்பு இருந்தால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாயியும் பாதி முகம் வெட்டுப்படாமல் விழுகிறார். தெரியாத ஆளிடம் போனைக் கொடுத்துவிட்டு நெஞ்சு படபடக்க நிற்க வேண்டியதில்லை. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இது இன்னும் பெரிய உதவி. படம் எடுத்துத் தருகிறேன் என்ற சாக்கில் பின்தொடர்ந்து வருபவர்களிடமிருந்து தப்பலாம்.

கம்பு பிறந்ததே இப்படியொரு பயத்தில்தான். ஜப்பானின் மினோல்டா கேமரா நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த ஹிரோஷி உவேடா, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு சிறுவனிடம் கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். அவன் கேமராவோடு ஓடிவிட்டான். பிறகு அவர் கேமராவை நீட்டிப் பிடிக்கும் தடியை உருவாக்கி, 1983இல் காப்புரிமைக்குப் பதிவு செய்தார். அப்போது அது விலைபோகவில்லை. முன்பக்கக் கேமராவோடு போன்கள் வந்த பிறகுதான் உலகமெல்லாம் பரவியது.

வேண்டாம் என்பவர்களின் எரிச்சலும் நியாயமானதுதான். முன்னால் நிற்பவரின் கம்பு காட்சியை மறைக்கிறது. நெரிசலில் அடுத்தவர் கண்ணுக்கு நேரே வருகிறது. ஊர் பார்க்க வந்தவர் தன் முகத்தையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துத் தாங்களேன்" என்று கேட்டால் ஊர்க்காரரோடு இரண்டு வார்த்தை பேசக் கிடைக்கும். அதுவும் இல்லாமல் போகிறது. 2015இல் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகமும் லண்டனின் தேசிய ஓவியக்கூடமும் கம்பைத் தடைசெய்தன. அதே ஆண்டு டிஸ்னி பூங்காக்களும் தடைசெய்தன. அதற்குச் சற்று முன்புதான் கலிபோர்னியா பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த ரோலர்கோஸ்டரில் ஒருவர் கம்பை வெளியே எடுத்ததால் அதை நடுவழியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

வசதியா, தொல்லையா என்று பேசிப் பேசியே நேரம் போகிறது. உயிர்ப் பேச்சு அதில் வருவதே இல்லை. அதுதான் என்னை உலுக்குகிறது. கம்பை நீட்டும் ஆள் தன் உடம்பின் எல்லையை ஒரு மீற்றர் வரை வெளியே கொண்டு போகிறார். அதே நேரத்தில் தன் கண்ணையும் அந்த நுனியிலேயே கட்டிப்போடுகிறார். போன் முன்னால், ஆபத்து முதுகுக்குப் பின்னால். போதாததற்கு, போனின் முன்பக்கக் கேமரா பரந்த கோணத்தில் படம் பிடிப்பது. பின்னால் இருப்பவை திரையில் சிறுத்து, தள்ளித் தெரியும். வருகிற ரயிலும், நெருங்குகிற யானையும், பள்ளத்தின் விளிம்பும் "இன்னும் தூரத்தில்தானே" என்று ஏமாற்றும்.

புதுடெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011 ஒக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகெங்கும் வெளிவந்த செய்திகளைத் திரட்டினார்கள். கையால் எடுத்ததும் கம்பால் எடுத்ததுமாக, செல்பி எடுக்கும்போது இறந்தவர்கள் 259 பேர். அதில் 159 பேர் இந்தியாவில். பெரும்பாலானவர்கள் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர்கள். முதல் காரணம் நீரில் மூழ்குவது. அடுத்து வாகனமும் ரயிலும். அதற்கடுத்து உயரத்திலிருந்து விழுவது. ஆறு, ரயில், மலை மூன்றும் சப்ரகமுவவில் நம் வாசலிலேயே இருக்கின்றன.

ரயில் வாசல்

இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து வந்து நின்றது நம் பக்கத்து அம்பேபுஸ்ஸவில். அந்தப் பாதை பிறகு மலையேறிக் கண்டிக்கும் பதுளைக்கும் போனது. இன்று அந்தக் கோச்சியின் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பதற்கென்றே நாடுவிட்டு நாடு வருகிறார்கள்.

றம்புக்கனை தாண்டியதும் பாதை ஏறத் தொடங்கும். ஒரு பக்கம் பள்ளம். பத்தலேகல மலை தெரியும். மறு பக்கம் வெட்டிய பாறை. பாறைச் சுவரும் சுரங்க வாயும் பெட்டிக்குப் பக்கத்திலேயே வரும் இடங்கள் உண்டு. வாசலில் நிற்கும் பிள்ளை ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறது. மறு கையில் செல்பி ஸ்டிக். முகம் ரயிலின் பின்பக்கம் பார்த்திருக்கிறது, ஏனென்றால் வளைவில் பெட்டிகள் வரிசையாகப் படத்தில் விழ வேண்டும். ரயில் போகும் திசையில் வருவது பாறையா, கம்பமா, மரக்கிளையா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மணிக்கு 30 கிலோமீற்றர் என்பது மெதுவான ஓட்டம்தான். அந்த ஓட்டத்திலும் ஒரு வினாடிக்கு எட்டு மீற்றருக்கு மேல் கடந்துவிடும். உள்ளேயிருந்து யாராவது "ஏய்!" என்று கத்தி முடிப்பதற்குள் பாறை வந்துவிடும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். கம்பின் பிடியில் ஒரு கயிறு இருக்கும். போன் விழாமல் இருக்க அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார்கள். கம்பின் நுனி கிளையிலோ கம்பத்திலோ சிக்கினால் அந்தக் கயிறு கையையும் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

நடந்தவற்றைக் கேளுங்கள். 2017 நவம்பரில் கொழும்பில் தண்டவாளத்தில் செல்பி எடுத்த 12 வயதும் 24 வயதுமான சகோதரர்கள் இருவரும் ரயில் மோதி இறந்தார்கள். அதன் பிறகு தண்டவாளத்தில் செல்பி எடுப்பவர்களைக் கைது செய்யப்போவதாகப் பொலிஸார் அறிவித்தார்கள். 2024 டிசம்பரில் கொழும்புக் கரையோரப் பாதையில் வாசலுக்கு வெளியே சாய்ந்த சீனப் பெண் ஒருவரை மரக்கிளை அடித்து வீழ்த்தியது. புதரில் விழுந்ததால் உயிர் தப்பினார். 2025 பெப்ரவரியில் பதுளைக்கு அருகே பொடி மெனிக்கே ரயிலிலிருந்து படம் எடுக்க வெளியே சாய்ந்த ரஷ்யப் பெண் ஒருவர் தலை பாறையில் மோதி இறந்தார். அவருக்குப் புதரும் கிடைக்கவில்லை, இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை.

பிற்பகல் இடி

"மேல், சப்ரகமுவ மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." வளிமண்டலவியல் திணைக்களத்தின் இந்த வரி வானொலியில் கேட்டுக் கேட்டு நம் காதுக்குப் பழகிவிட்டது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இது அநேகமாக அன்றாடச் செய்தி. இடி நேரத்தில் வயல்வெளி, தேயிலைத் தோட்டம், திறந்த நீர்நிலை ஆகிய இடங்களில் நிற்க வேண்டாம், மரத்தடியில் ஒதுங்க வேண்டாம் என்று திணைக்களம் ஒவ்வொரு தடவையும் சேர்த்தே சொல்கிறது. சுற்றுலா வருபவர்கள் படம் எடுக்கத் தேடிப் போவது அதே தேயிலை மலையையும் அதே ஆற்றங்கரையையும்தான்.

மின்னல் எங்கோ இருக்கும் உலோகத்தைத் தேடி வருவதில்லை. வெளியான இடத்தில் உயர்ந்து நிற்பதன் மேல் விழும் வாய்ப்பே அதிகம். மொட்டைப் பாறையில் நிற்கும் ஒருவர் உலோகக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கினால், அந்த மேட்டில் மிக உயரமான பொருளைத் தன் கையாலேயே உண்டாக்கிவிடுகிறார். 2015 ஜூலையில் பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில் மின்னல் தாக்கி இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் செல்பி ஸ்டிக் வைத்திருந்ததாகச் செய்திகள் சொல்லின.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வினாடி கூட இல்லையென்றால் உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வராதீர்கள். மழை நாட்களில் கேகாலை, இரத்தினபுரி மலைகளுக்கு மண்சரிவு எச்சரிக்கையும் விடுக்கப்படும். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதைக் கேகாலை மாவட்டம் மறக்க முடியாது. எச்சரிக்கை இருக்கும்போது அந்தச் சரிவுகளில் படம் எடுக்க ஏறாதீர்கள்.

ஆறும் நீர்வீழ்ச்சியும்

2019 ஒக்டோபரில் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஊத்தங்கரைப் பாம்பாறு அணையில், ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் நீருக்குள் கைகோத்து நின்று செல்பி எடுத்தார்கள். ஒருவர் கால் வழுக்கியது. கோத்த கை மற்றவர்களையும் இழுத்தது. புதுமணப் பெண் உட்பட நான்கு பேர் மூழ்கி இறந்தார்கள். கல்யாணக் களை மாறாத வீட்டில் நான்கு சாவு.

கித்துல்கலையில் களனி கங்கை காலையில் முழங்காலளவு ஓடும்; பாறை பாறையாகத் தாண்டிப் போகலாம் போலிருக்கும். மேலே நோர்ட்டன், லக்ஷபான, கெனியன் நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மலையில் பெய்த மழையாலும், மின் உற்பத்திக்காக விடும் நீராலும், வான்கதவு திறப்பதாலும் கீழே மழைத்துளி விழாமலே ஆறு ஏறிவிடும். நீர் ஏறுவதைக் கரையைப் பார்த்து நிற்பவர் கண்டுகொள்வார். கம்பின் நுனியைப் பார்த்து நிற்பவர் காணமாட்டார். நீர்வீழ்ச்சியடியில் பாசி பிடித்த கல்லில் ஒரு கையைக் கம்புக்குக் கொடுத்துவிட்டால், வழுக்கும்போது பிடித்துக்கொள்ள மற்றக் கை மட்டுமே மிச்சம்.

யானைக்கு முன்னால்

1975இல் தொடங்கிய பின்னவல யானைகள் சரணாலயத்தின் யானைகள் மகா ஓயாவுக்குக் குளிக்கப் போகும்போது வழியின் இரு பக்கமும் சனம். மனிதரோடு பழகிய யானைக்கும் முகத்துக்கு நேரே சட்டென்று நீளும் கம்பு மிரட்டலாகவே படும். ஒதுக்கிய எல்லைக்குள் நின்று, கம்பை மடக்கி வைத்துவிட்டுப் பாருங்கள். உடவளவப் பக்கம் மின்வேலியோரம் நிற்கும் காட்டு யானைகளுக்குத் தீனி கொடுத்துச் செல்பி எடுப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். யானை ஓடத் தொடங்கினால் மனிதன் ஓடித் தப்புவது கடினம்.

செய்ய வேண்டியது

கம்பை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. வேன் நிறுத்திய இடத்தில், கோவில் முற்றத்தில், புல்வெளியில், அப்பாயியையும் அப்பாவையும் சேர்த்து ஆசை தீர எடுங்கள். எடுக்குமுன் போனிலிருந்து கண்ணை எடுத்து ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள். உங்கள் கூட்டத்தில் ஒருவர் படத்துக்குள் வராமல் வெளியே நின்று சுற்றிலும் கவனிக்கட்டும். சிவனொளிபாதமலைப் படிகளில் சனம் நெருக்கி ஏறும்போது கம்பை மடக்கிப் பைக்குள் போடுங்கள். விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். அது மனதைப் புண்படுத்தும், பொலிஸ்வரையும் போகலாம். ரயிலிலிருந்து போன் விழுந்தால் விழட்டும், பின்னால் குதிக்காதீர்கள். யாருக்காவது அடிபட்டால் அம்பியூலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

வேன் ஓட்டும் தம்பிமாரே, பயணம் ஒழுங்கு செய்யும் அண்ணன்மாரே, பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்களே, இந்தப் பேச்சை வண்டி கிளம்புமுன் பேசுங்கள். பெண்பிள்ளை, ஆண்பிள்ளை என்று பார்க்காமல் ரயில் ஏறுமுன் கம்புகளைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வையுங்கள். முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள், திட்டவும் செய்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். போன பிள்ளைகள் அத்தனை பேரும் வீடு திரும்ப வேண்டும்.