ஜெராக்ஸ் கடைக்காரர் அறிய வேண்டிய பதிப்புரிமைச் சட்டம்

கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை நடத்துவோர் நம் வணிகர்களில் பலர். கல்லூரி திறந்துவிட்டால், ஆசிரியர் குறித்துக் கொடுத்த பாடப் பகுதிகளை நகலெடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுப்பதே அவர்களுக்கு முக்கிய வியாபாரம். "இது சட்டப்படி சரியா?" என்று கேட்போருக்கு, டெல்லியில் ஒரு சிறு கடை சந்தித்த வழக்கு நல்ல பாடமாகும்.

டெல்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் பல்கலைக்கழகத்தின் உரிமத்தோடு நடந்து வந்தது ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ். பல நூல்களிலிருந்து பாடத்திட்டத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்து, பக்கத்துக்குச் சில காசு வீதம் மாணவர்களுக்கு அளித்து வந்தது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. கட்டணம் செலுத்தி உரிமம் பெற்ற பிறகே நகலெடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது. தொகுப்பு வியாபாரம் நின்றது.

2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52(1)(i) பிரிவின்படி, கற்பித்தலுக்காக ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது. மேல்முறையீட்டில், டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வும் இந்தக் கருத்தை ஏற்றது. இத்தனை பக்கம் வரை என்ற கணக்கு இல்லை. கற்பித்தலுக்குத் தேவையான அளவா என்பதே கேள்வி என்றது.

ஆனால் முழு வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. அந்தத் தொகுப்புகள் உண்மையில் பாடத்துக்குத் தேவையானவையா, முழுப் புத்தகத்தையே நகலெடுக்கலாமா என்பவற்றைச் சாட்சியத்தோடு விசாரிக்க வழக்கு திருப்பி அனுப்பப்பட்டது. எந்தெந்தத் தொகுப்பு கொடுத்தோம் என்று கடை கணக்கு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவும் உத்தரவாயிற்று. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றதால், அந்தக் கேள்விகளுக்கு அந்த வழக்கில் விடை கிடைக்கவில்லை.

எல்லா நாட்டிலும் இதே தீர்ப்பு என்பதும் இல்லை. 1991-ல் நியூயார்க்கில் இத்தகைய தொகுப்புகளை விற்ற கிங்கோஸ் நிறுவனம் தோற்றுப் பெருந்தொகை இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. டெல்லித் தீர்ப்பும் நம் மாநில நீதிமன்றங்களைக் கட்டாயப்படுத்தாது, எடுத்துக்காட்டத்தான் உதவும்.

ஆகவே நம் வணிகர்களுக்குச் சில யோசனைகள்:

1. ஆசிரியரிடமோ துறையிடமோ பாடப் பட்டியலை எழுத்தில் பெற்று, கோப்பில் வையுங்கள்.

2. நகல் கூலியை மட்டும் வாங்குங்கள். புத்தகத்துக்கு விலை வைப்பதுபோல் விலை வைக்காதீர்கள்.

3. முழுப் புத்தகம், கைடு ஆகியவற்றை நகலெடுத்து அடுக்கி வைத்து விற்காதீர்கள். அது கற்பித்தல் அல்ல, கள்ளப் பதிப்பு. 63-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சப்-இன்ஸ்பெக்டரே வாரண்ட் இன்றிப் பிரதிகளைப் பறிமுதல் செய்யலாம்.

புத்தக மொத்த வியாபாரிகளும் நம்மவர்களே. முழுப் புத்தகம் ஜெராக்ஸ் ஆகும்போது நஷ்டம் அவர்கள் தலையில்தான் விழுகிறது. பாடப் பகுதிக்கு ஜெராக்ஸ், முழு நூலுக்குப் புத்தகக் கடை என்ற வரம்பைக் காத்தால் இரு தொழிலும் வாழும். மாணவருக்கும் குறை இராது.