கரும்புகை கக்கும் சிறுகார்: காரணம் காணும் முறை

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றின் வாசலில் இன்றும் ஒரு மாருதி 800 நிற்கக் காண்கிறோம். 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய இவ்வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. 2000-ஆம் ஆண்டையொட்டி இதில் கார்புரேட்டர் நீங்கி, இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் முறை புகுந்தது. அவ்வகை வண்டிகளை முதுமையில் பற்றும் நோய் ஒன்றுண்டு. பட்டறைக்காரர் அதனை ‘ரிச்’ என்பர். அஃதாவது, வேண்டிய அளவினும் மிகுதியாகப் பெட்ரோல் உண்ணுதல்.

முதலில் அறிகுறிகளைக் காண்போம். சைலன்சர் முனையில் கரும்புகை. அருகே நின்றால் பெட்ரோல் வாடை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி போன்ற உலர்ந்த கறுப்புப் படிவு. வண்டி நிற்க எஞ்சின் ஓடுகையில் குலுக்கம். லிட்டருக்குரிய கிலோமீட்டர் நாளுக்கு நாள் குறைதல். நீலப்புகை வேறு; அஃது எஞ்சின் எண்ணெய் எரிவதன் அடையாளம்.

இதனைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுதல் தகாது. மிகுதிப் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் பூச்சைக் கழுவித் தேய்மானத்தை வளர்க்கும். புகைவழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அளவுமீறிச் சூடேறிக் கெடும். அதன் விலையோ மாதச் சம்பளக் குடும்பத்தைத் திணறவைப்பது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இவ்விகிதத்தைக் காப்பது வண்டியின் கணினிப் பெட்டி. அது தானாக எதனையும் காண்பதில்லை. அடுத்த நிலையத்தார் அனுப்பும் செய்தியை நம்பி ரெயிலை விடுவது போன்று, சென்சார்கள் கூறுவதை நம்பியே அது பெட்ரோலை அளக்கிறது. ஆகவே காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகும். ஒன்று, பெட்டிக்குப் பொய்ச்செய்தி செல்கிறது. மற்றொன்று, பெட்டி கேளாத பெட்ரோல் எங்கிருந்தோ உட்புகுகிறது.

பட்டறைகளில் முதற்பழி ஆக்ஸிஜன் சென்சார் மீதே விழுகிறது. எஞ்சின் சூடேறியபின் இதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மாறிமாறி ஆடவேண்டும். 0.9 அருகிலேயே நின்றால், ‘பெட்ரோல் மிகுதி’ என்று அது உண்மை உரைப்பதாகவே பெரும்பாலும் கொள்ளலாம். உண்மை சொன்ன தூதனைத் தண்டித்துப் பயனில்லை. கரும்புகை வந்தும் அளவு தாழ்ந்தே நின்றால், சென்சார் கெட்டிருக்கலாம். அன்றி, அதற்கு முன்னுள்ள புகைக்குழாயில் வெடிப்பு இருக்கலாம். ஒரு பிளக் எரியாமலும் இருக்கலாம். எரியாத காற்றைக் கண்ட சென்சார் ‘பெட்ரோல் போதாது’ என்று உரைக்க, பெட்டி மேலும் ஊற்றுகிறது.

எனவே செலவு குறைந்த சோதனைகளிலிருந்து தொடங்குதல் நலம்.

முதலாவது, தண்ணீரின் வெப்பத்தை அறிவிக்கும் சென்சார். மல்டிமீட்டரால் அதன் மின்தடையை அளக்கலாம். இவ்வகை வண்டிகளில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓம் காட்டும். சூடேறியபின்னும் தடை இறங்காவிடில், எஞ்சின் குளிர்ந்திருப்பதாகவே பெட்டி எண்ணும். இணைப்பில் பச்சைக்களிம்பு ஏறினாலும் இதே கதைதான். எச்சரிக்கை விளக்கு எரியாமலே இது நிகழக்கூடும்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட். அது மூடாமல் திறந்தே நின்றால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாது.

மூன்றாவது, காற்றழுத்த சென்சாருக்குச் செல்லும் ரப்பர்க்குழாய் உள்ள வண்டிகளில், அது வெடித்தோ கழன்றோ இருக்கிறதா என்பது. வெளிக்காற்று புகுந்தால், எஞ்சின் பெரும்பாரம் இழுப்பதாகப் பெட்டி மயங்கும்.

நான்காவது, பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டர். அதன் காற்றுக்குழாயைக் கழற்றுகையில் உள்ளே பெட்ரோல் ஈரம் தென்பட்டால், உள்ளிருக்கும் சவ்வு கிழிந்தது உறுதி. இறுதியிலேயே இன்ஜெக்டர் ஒழுக்கைச் சோதித்தல் வேண்டும். இவை யாவும் திறந்தவெளியில், நெருப்பு அணுகாமல் செய்யத்தக்கவை. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு.

நாமறிந்த குடும்பம் ஒன்று, ஒரு பட்டறையின் சொற்படி ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியது. பின்னர் இன்ஜெக்டரையும் கழுவியது. கரும்புகை நிற்கவில்லை. மூத்த மெக்கானிக் ஒருவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, வெப்பச் சென்சாரின் இணைப்பில் படிந்த களிம்பைச் சுரண்டியெடுத்தார். அன்றே புகை அடங்கிற்று.

வேற்றூரில், வேற்றுமொழியில் பட்டறைக்காரரோடு பேசுகையில் நம்மவர் தயங்கித் தலையசைத்து விடுவது உண்டு. எந்தப் பொருளை மாற்றச் சொன்னாலும், “அளந்து பார்த்தீர்களா? எவ்வளவு காட்டிற்று?” என்று கேட்கும் அளவுக்கேனும் அவ்வூர் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். அவ்விரு கேள்விகள் பல நூறு ரூபாயைக் காக்க வல்லவை.