வளைந்த பலகையை அமுக்குவதற்கு முன்

அக்கூஸ்டிக் கிதாரின் முகப்புப் பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. முதுகுப் பலகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். பக்கப் பலகைகள் இன்னும் மெலிசு, இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி. இத்தனை மெல்லிய பலகையை வாங்கி வந்து மேசைமேல் வைத்தால், சில நாளிலேயே அது வளைந்து நிற்பதுண்டு. கிதார் செய்யப் புதிதாகத் தொடங்குபவர்கள் அப்போது இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மரம் மோசம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இல்லையென்றால் கிளாம்ப் போட்டு அமுக்கி, அந்த நிலையிலேயே பசையிட்டு ஒட்டிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். வளைவு எதனால் வந்தது என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பலகை தேறுமா தேறாதா என்று சொல்ல முடியும். ஈரத்தால் வந்த வளைவு பெரும்பாலும் சரியாகிவிடும். மரத்தின் இழையோட்டத்திலேயே இருக்கும் முறுக்கு சரியாகாது.

வெட்டிப் பதப்படுத்திய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. இழையின் நீளவாக்கில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் அசைவெல்லாம், அதிலும் வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுருங்குவது, மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரவாக்கில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதனால்தான் ஆரவாக்கில் அறுத்த பலகைக்குக் கிதார் செய்பவர்கள் அதிக விலை கொடுக்கிறார்கள். அப்படி அறுத்த 400 மில்லிமீட்டர் அகல ஸ்ப்ரூஸ் பலகைகூட, 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றிலிருந்து 45 சதவீதத்துக்கு வந்தால் சுமார் 4 மில்லிமீட்டர் குறுகிவிடும்.

இனி மேசைமேல் கிடக்கும் பலகையைக் கவனியுங்கள். அடிப்பக்கம் மேசையோடு ஒட்டிக் கிடக்கிறது. மேற்பக்கத்தில் மட்டும் காற்று படுகிறது. காற்று வறண்டிருந்தால் மேற்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். வெயிலில் போட்ட அப்பளம்போல ஓரங்கள் மேலே எழும்பும். இது மரத்தின் குற்றமல்ல, வைத்த விதத்தின் குற்றம். திருப்பிப் போட்டாலே பாதி சரியாகிவிடும். இரு பக்கமும் காற்றோட ரீப்பர் துண்டுகளை இடையில் கொடுத்து அடுக்கி, மேலே எடை வைத்து, சில வாரம் பொறுத்தால் மீதியும் பல சமயம் அடங்கிவிடும். அதற்கும் அடங்காத குழிவு என்றால், குழிந்த பக்கத்தை லேசாக ஈரப்படுத்தி, சூடு காட்டி, இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே இறுக்கி, முழுதாக ஆறிக் காயும்வரை விடுவார்கள். முறுக்கு வேறு ரகம். பலகையின் இரு முனையிலும் குறுக்கே ஒவ்வொரு நேரான சட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, ஒன்றின் மேல்விளிம்பையொட்டி மற்றதைப் பார்க்க வேண்டும். இரண்டு விளிம்பும் இணையாகத் தெரியாவிட்டால் பலகை முறுக்கிக்கொண்டிருக்கிறது. இரு பக்கமும் காற்றோடச் சில வாரம் வைத்தும் அந்தக் கோணல் போகவில்லையா? இழையே திருகி வளர்ந்திருக்கிறது என்று வையுங்கள். கழுத்துக்கு எடுத்த கட்டை இப்படியிருந்தால் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். கழுத்துக்குள் பதிக்கும் ட்ரஸ் ராட், தந்திகளின் 70 கிலோவுக்கும் மேற்பட்ட இழுப்பால் வரும் நீளவாக்கு வளைவை எதிர்க்கத்தான் வைக்கப்படுகிறது. முறுக்கை அதனால் நிமிர்த்த முடியாது.

‘உட்புறம் குறுக்குச் சட்டங்களை ஒட்டிவிட்டால் பலகை எங்கே போகும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆபத்தே அங்கேதான். சட்டத்தின் இழை அதன் நீளவாக்கில் ஓடுவதால் அது நீளம் குறையாது. அதன் குறுக்கே கிடக்கும் பலகையோ சுருங்கப் பார்க்கும். மழைக்கால ஈரத்தில், அமுக்கித் தட்டையாக்கிய பலகையில் சட்டத்தை ஒட்டினால், வறண்ட நாள் வந்ததும் பலகை போக வழியில்லாமல் இழையோடு பிளக்கும். காய்ந்த நிலையில் ஒட்டியது பின்னால் ஈரம் வாங்கினால் கொஞ்சம் மேலே புடைக்கும். தந்தி உயரும், ஆனால் பலகை பிளக்காது. பெரிய கிதார் ஆலைகள் பட்டறைக் காற்றை ஆண்டு முழுக்க 45 முதல் 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பது இதற்காகவே. ‘பக்கப் பலகைகளை வலிய வளைக்கத்தானே செய்கிறோம்?’ என்பது இன்னொரு கேள்வி. அங்கே நீரும் கடும் சூடும் சேர்ந்து இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினை இளக்குகின்றன. ஆறும்போது மரம் புது வடிவத்தில் இறுகுகிறது. அப்படியும் சற்று விரியப் பார்க்கும் என்பதால் அச்சுக்குள் வைத்தே வேலை செய்கிறார்கள். சூடில்லாமல் கிளாம்ப் மட்டும் போட்டால் பலகை கிளாம்ப் இருக்கும்வரைதான் தட்டையாக இருக்கும்.

கடலோரத்தில் செய்து கடலோரத்திலேயே வாசிக்கும் கிதாருக்கு இவ்வளவு பாடு தேவையா என்றும் கேட்கலாம். நம் ஊர்க் கிதாரும் ஏ.சி. அறையில் தூங்குகிறது, ஏ.சி. அரங்கில் மேடையேறுகிறது, அந்தக் காற்று வறண்டது. போதாததற்கு, நம் காட்டு மரமே வறண்ட ஊர்களுக்குப் போகிறது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு, நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் இந்திய மரத்துக்கு மாறியது. தென்னிந்திய மலைகளில் வளர்ந்த மரம், அந்த நிறுவனம் இருக்கும் பென்சில்வேனியாவின் குளிர்காலத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. பொறுமையாகக் காயவைத்துச் செய்தால் தாங்குகிறது.

இவ்வளவு அரிய மரத்தை முறுக்கு என்று ஒதுக்குவது அநியாயம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2017 முதல் ஈட்டி இனங்கள் எல்லாவற்றின் பன்னாட்டு வணிகமும் அழியும் அபாயமுள்ள உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வந்துவிட்டது. முறுக்கிய பலகையை எரிக்கச் சொல்லவில்லை. அகலமான துண்டில் பெரிதாகத் தெரியும் கோணல், சின்னத் துண்டில் தொல்லை தராத அளவுக்குக் குறைந்துவிடும். தந்திகள் பொருந்தும் பிரிட்ஜுக்கும், தலைப்பகுதியின் மேலொட்டுக்கும், விளிம்புப் பட்டைகளுக்கும் அது தாராளமாக உதவும். முதுகுக்கும் கழுத்துக்கும் மட்டும் வேண்டாம். கிதார் செய்ய நினைப்பவர்கள் விலையுயர்ந்த பலகையை வாங்குவதற்கு முன்னால், சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் பட்டறைச் சுவரில் மாட்டுங்கள். முள் 45 சதவீதத்தை ஒட்டி நிற்காத நாளில் சட்டங்களை ஒட்டாதீர்கள்.