அட்டையைப் பார்த்து அதிர்ச்சியா?

சூப்பர் ஹீரோ சினிமா பார்த்துவிட்டு வந்த உங்கள் பன்னிரண்டு வயதுப் பெண், அமெரிக்க காமிக்ஸ் வேணும் என்று அடம் பிடிக்கிறாள். 'படிக்கத்தானே கேட்கிறாள், நல்லதுதானே' என்று நீங்களும் ஆன்லைனில் ஆர்டர் செய்கிறீர்கள். பார்சலைப் பிரித்தால்... பகீர்! அட்டையில் ஒரு வீராங்கனை. தோலோடு ஒட்டிய உடை, கைக்குள் அடங்கிவிடும் இடுப்பு, சண்டைக்குப் போகிறவள் நிற்காத ஒரு போஸ். மாமியார் கண்ணில் படுவதற்குள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறீர்கள்.

"சின்னப் பசங்க படிக்கிற புத்தகத்துக்கு ஏன் இப்படி ஒரு அட்டை?"

நியாயமான கேள்வி. பதில்தான் ஆச்சரியமானது. அந்த அட்டை பெரும்பாலும் உங்கள் பெண்ணுக்காகப் போடப்பட்டதே இல்லை!

பழைய சண்டை

இந்தக் கவலை அமெரிக்கப் பெற்றோருக்கு எழுபது வருடத்துக்கும் மேல் பழசு. 1954-ல் ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். 1948-ல் வந்த 'ஃபான்டம் லேடி' இதழின் கவர்ச்சியான அட்டையை அதில் உதாரணமாகவும் காட்டினார். செனட் வரைக்கும் விவகாரம் போனது. பயந்துபோன பதிப்பாளர்கள் அதே வருடம் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டதிட்டம் போட்டுக் கொண்டார்கள். பெண்களின் உடம்பை மிகைப்படுத்தி வரையக் கூடாது என்பதும் அதில் ஒன்று. தேறிய இதழ்களின் அட்டையில் முத்திரை குத்தினார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வெர்தமின் குறிப்புகளை ஆராய்ந்த கரோல் டில்லி என்ற பேராசிரியை, அவர் பல சிறுவர்களின் வாக்குமூலங்களைத் தன் வசதிக்கு மாற்றியிருக்கிறார் என்று 2012-ல் எழுதினார். அக்கறை நிஜம், ஆதாரத்தில்தான் கோளாறு! முத்திரையும் 2011-லேயே வழக்கொழிந்துவிட்டது.

அட்டை யாருக்கு?

ஒரு காலத்தில் பெட்டிக்கடை, மருந்துக்கடைகளில் விற்ற காமிக்ஸ், 1970-களுக்குப் பிறகு மெல்ல மெல்லத் தனிக் கடைகளுக்குப் போனது. அங்கே வாடிக்கையாகக் காசு செலவழிப்பவர்களில் பலர் வளர்ந்த ஆண்கள், சேகரிப்பவர்கள். அவர்களுக்காகவே 'வேரியன்ட் கவர்' வருகிறது. உள்ளே ஒரே கதை, வெளியே நாலைந்து விதமான அட்டை. ஆக, அட்டைக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம்.

2014-ல் 'ஸ்பைடர் உமன்' முதல் இதழுக்கு ஒரு வேரியன்ட் அட்டை வரைந்தவர் மிலோ மனாரா. பெரியவர்களுக்கான காமக் கதைச் சித்திரங்களுக்குப் பெயர் போன இத்தாலிய ஓவியர்! கண்டனம் குவிந்தது. 2016-ல் இன்னும் மோசம். ரிரி வில்லியம்ஸ் என்பவள் தன் மூளையால் இரும்புக் கவசம் செய்யும் பதினைந்து வயது மாணவி. ஒரு வேரியன்ட் அட்டையில் அவளை இடுப்பு தெரிய, வளர்ந்த பெண் போல வரைந்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மார்வெல் நிறுவனம் அந்த அட்டையை விற்பனையிலிருந்து விலக்கிக் கொண்டது.

மனசுக்கு என்ன ஆகும்?

ஒரு அட்டையைப் பார்த்ததால் பெண் கெட்டுவிடுவாள் என்று பதற வேண்டாம். ஆனால், 'உன் மதிப்பு உன் உடம்பில்தான் இருக்கிறது' என்று சினிமா, விளம்பரம், பத்திரிகை எல்லாம் ஓயாமல் சொல்லிக் கொண்டே இருந்தால்? அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு ஒன்று 2007-ல் தந்த அறிக்கை, இப்படிப்பட்ட சித்திரிப்புகளைப் பெண் பிள்ளைகளின் தாழ்வு மனப்பான்மை, மனச்சோர்வு, சாப்பாட்டுக் கோளாறுகளோடு தொடர்புபடுத்துகிறது. காமிக்ஸ் அட்டை அந்தப் பெரிய கூட்டத்தில் ஒரு ஆள், அவ்வளவுதான். பையன்களும் இதைப் பார்த்துத்தான் பெண்களை எடை போடக் கற்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஆர்டர் செய்யும் முன் அது சாதாரண அட்டையா, வேரியன்டா என்று பாருங்கள்.

* எந்த வயதுக்கு உரியது என்ற குறிப்பைத் தேடுங்கள். மார்வெலில் 'ஆல் ஏஜஸ்' என்றால் எல்லோருக்கும். 'பேரன்டல் அட்வைஸரி' என்றால் உஷார்.

* முதலில் நீங்கள் ஒருமுறை புரட்டுங்கள். அட்டை ஆபாசமாக இருந்து கதை அருமையாக இருக்கலாம். சாதுவான அட்டைக்குள் ரத்தக்களரியும் இருக்கலாம்!

* வெடுக்கென்று பிடுங்காதீர்கள். பிடுங்கினால் ஆர்வம் இரட்டிப்பாகும். அடுத்த முறை உங்களிடம் காட்டவும் மாட்டாள்.

* சிரித்தபடி கேளுங்கள்: "இப்படி வளைஞ்சு நின்னா இவளால சண்டை போட முடியுமாடி?" 2012-ல் ரசிகர்கள் இதைத்தான் செய்தார்கள். ஹாக்ஐ என்ற ஆண் வீரனை அதே போஸ்களில் வரைந்தார்கள். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே விஷயம் புரிந்துவிடும்.

* பெண் கண்ணாடி முன் நின்று "நான் குண்டா இருக்கேனாம்மா?" என்று அடிக்கடி கேட்டாலோ, சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, காமிக்ஸைத் திட்டிக் கொண்டிருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பீரோவில் பூட்டி வைத்த புத்தகத்தை இன்று வெளியே எடுங்கள். முதலில் நீங்கள் படியுங்கள். அவள் வயதுக்குத் தகுந்ததுதான் என்று தோன்றினால், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அட்டையிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். தனியாகப் பார்த்துக் குழம்புவதைவிட, அம்மாவோடு பார்த்துச் சிரிப்பது எவ்வளவோ மேல்!