சேறு தேடும் ஜீப்புகள்

பெங்களூரின் ஜீப் பிரியர்களுக்கு வண்டி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. பாதைதான் குறைந்துகொண்டே வருகிறது.

ஞாயிறு காலை ஐந்தரை மணி. கனகபுரா சாலையில் பால் வண்டிகளையும், இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும் கார்களையும் தவிர நடமாட்டம் இல்லை. பெட்ரோல் பங்க் ஓரமாக ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன - கூரை கழற்றிய பழைய மகிந்திரா, ராணுவ ஏலத்தில் வாங்கிய மாருதி ஜிப்ஸி, ஷோரூம் வாசனை இன்னும் போகாத தார். இறங்குபவர்கள் கம்ப்யூட்டர் ஆசாமிகள், டாக்டர்கள், காபித் தோட்டக்காரர்கள், ஓரிரு மெக்கானிக்குகள். தட்டே இட்லி, காபி, பிறகு புறப்பாடு. நான்கு சக்கர இயக்க கிளப்புகளின் ஒரு நாள் பயணம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

பெங்களூரில் இப்படிப்பட்ட குழுக்கள் பல. அவற்றில் பழைய ஒன்றின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் ‘போடா’ என்று வரும். தமிழ் தெரிந்த உறுப்பினர்கள் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பச் சற்று யோசிக்க வேண்டிய பெயர்.

இந்த மோகத்தின் மூலம் போரில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் செய்த ஜீப்பை 1940களின் பிற்பகுதியில் மகிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. நெடுங்காலம் ஜீப் என்றால் போலீஸ், வனத்துறை, தேர்தல் பிரசாரம். 1985ல் ஜிப்ஸி வந்தது. 970 சிசி பெட்ரோல் எஞ்சின்தான், ஆனால் எடை குறைவு. கனத்த வண்டிகள் புதைந்த சேற்றில் ஆட்டுக்குட்டி மாதிரி அது தாவிப் போனதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. 2010ல் வந்து, 2020ல் புது உருவம் எடுத்த தார்தான் இந்தப் பொழுதுபோக்கைப் பொதுச் சொத்தாக்கியது. 2023ல் பின் சக்கரங்களுக்கு மட்டுமே விசை போகும் மலிவுத் தார் ஒன்றும் வந்தது. பார்ப்பதற்கு அதே வண்டிதான். வித்தியாசம் சேற்றில் தெரியும்.

தார் ரோட்டை விட்டு இறங்கியதும் முதல் வேலை டயரில் காற்றைக் குறைப்பது. முப்பது சொச்சத்தில் இருக்கும் அழுத்தத்தைப் பதினெட்டு, இருபதுக்குக் கொண்டு வருகிறார்கள். டயர் தட்டையாகி மண்ணை அகலமாகப் பிடிக்கும். பிறகு ‘ஃபோர் லோ’. கியர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெட்டி எஞ்சினின் இழுவிசையை - தாரில் சுமார் இரண்டரை மடங்காக - பெருக்கி நான்கு சக்கரங்களுக்கும் அனுப்புகிறது. வேகம் அந்த அளவுக்குக் குறையும். அதுதான் தேவையும். இந்த ஆட்டத்தில் ஆக்ஸிலேட்டரை அமுக்குபவர் புதியவர். நடந்து போகும் வேகத்தில் பாறை மேல் ஏறுபவர் தேர்ந்தவர். ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது கட்டை விரலை உள்ளே மடிக்காதே என்பது முதல் பாடம்: சக்கரம் கல்லில் மோதி ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பினால் விரல் போய்விடும்.

எப்படியும் யாராவது ஒருவர் புதைவார். உண்மையில் அதற்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள் என்று தோன்றுகிறது. மண்வெட்டி, நைலான் பட்டை, வின்ச் எல்லாம் வெளியே வரும். ஆபத்தும் இங்கேதான். இழுக்கும் பட்டையைத் தவறான கொக்கியில் மாட்டி, அது பிய்ந்தால், இரும்புத் துண்டு துப்பாக்கி ரவை போலப் பறக்கும். இப்படி உயிர்கள் போனது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அதனால்தான் இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்களைத் தூரத் துரத்துகிறார்கள். ஆழம் பார்க்காமல் ஓடையில் இறங்கினால் எஞ்சின் தண்ணீரைக் குடிக்கும். உள்ளே கனெக்டிங் ராடு வளையும். அதன் செலவு அந்த மாதச் சம்பளத்தை விழுங்கிவிடலாம்.

சேறு இருக்கட்டும், எந்த மண்ணில் என்பதுதான் இன்று கேள்வி. பெங்களூருக்குத் தெற்கே காடு என்று சொல்லத்தக்கவை எல்லாமே கிட்டத்தட்ட சட்டத்தின் வேலிக்குள். பன்னேர்கட்டா 1974லேயே தேசியப் பூங்கா. சங்கமா, மேகதாது - தமிழர்களுக்கு அணைத் தகராறு மூலம் அறிமுகமான அதே மேகதாது - உள்ளிட்ட காவிரி சரணாலயம் 1987ல் அறிவிக்கப்பட்டு, பிறகு 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. 2013ல் மலை மகாதேஸ்வரா காடுகளும் சரணாலயமாயின. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழகம் 2014ல் காவிரி வடக்கு, 2022ல் காவிரி தெற்கு சரணாலயங்களை அறிவித்தது. வீரப்பன் காலத்தில் இந்தக் காடுகளுக்கு உல்லாசமாக ஜீப் ஓட்டிப் போக யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. 1993ல் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்த பாதைகள் இவை. 2004ல் அவன் கொல்லப்பட்ட பிறகு பயம் போயிற்று. சட்டம் போகவில்லை. அனுமதியின்றிச் சரணாலயத்தில் நுழைந்தால், 2022 திருத்தத்துக்குப் பின், மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வண்டியும் அரசுடைமையாகலாம்.

கெடுபிடி என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் மழை மண்ணில் பத்து வண்டிகள் போன தடத்தைப் பிறகு போய்ப் பார்க்க வேண்டும். சக்கரம் கீறிய பள்ளத்தில் தண்ணீர் ஓடி ஓடி, ஓரிரு பருவத்தில் அது ஓடையாகிவிடும். 2023 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் 6,395 யானைகள். பகலில் ஒதுங்கி நிற்கும் மந்தையை எஞ்சின் சத்தம் ஊர்ப் பக்கம் தள்ளினால், இரவில் அதற்கு விலை கொடுப்பவர் ராகி விதைத்தவர், ஜீப்காரர் அல்ல. கேரளத்தில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் குறிப்பிட்ட இடங்கள் தவிர மற்ற இடங்களில் இந்த விளையாட்டைத் தடுத்தது. 2022 மே மாதம் வாகமண் தேயிலைத் தோட்டத்தில் நடந்த நிகழ்ச்சியில் ஓட்டிய ஒரு மலையாள நடிகரே அபராதம் கட்ட வேண்டி வந்தது.

அதே கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது படகும் லாரியும் போக முடியாத இடங்களுக்கு மருந்தும் அரிசியும் கொண்டுபோனவர்களில் ஜீப் கிளப் ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீணாகச் சேற்றில் பழகியது அன்று கைகொடுத்தது.

கிளப்புகளில் பொறுப்பானவை இப்போது வேறு வழிக்கு வந்திருக்கின்றன. வற்றிய ஏரிப் படுகை, உரிமையாளர் சம்மதித்த தோட்டம், கிராமத்து மாட்டு வண்டிப் பாதை. பாதையை விட்டு விலகக் கூடாது, பாட்டில் தூக்கி எறியக் கூடாது, மது கூடாது என்று நிபந்தனைகள். முன்பு காட்டுக்குள் போய்வந்த மூத்த ஜீப்காரர்களுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். குட்டிச் சுவர் மாதிரி மண்ணைக் குவித்து அதன் மேல் ஏறி இறங்குவது காட்டுப் பயணம் ஆகுமா?

மாலை நாலரைக்கு மறுபடி தார் ரோடு. டயர்களுக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸர்கள் உறுமுகின்றன. திங்களன்று ஆபீஸ் அடுக்குமாடியின் வாட்ச்மேன் கேட்கப்போகும் கேள்விக்குப் பயந்து, வாட்டர் வாஷ் கடை எது திறந்திருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள்.