எரிந்த காமனும் திரும்பி வரும் உயிரும்



மெக்சிக்கோ நாட்டிலே ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம், 2ஆம் திகதிகளில் இறந்தோர் திருநாள் கொண்டாடப்படுகிறது. முதல் நாள் மறைந்த குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. இறந்தவரின் படத்தை வைத்து, அவர் விரும்பி உண்டவற்றைப் படைக்கிறார்கள். துலுக்கச்செவ்வந்தி இதழ்களால் வாசலிலிருந்து வழி போடுகிறார்கள். அந்த வழியே உயிர் வீடு திரும்பும் என்பது நம்பிக்கை. பழங்குடி மக்களின் மரபும் கத்தோலிக்க வழிபாடும் கலந்த இவ்விழாவை யுனெஸ்கோ 2008 இல் மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இறந்தவர் வருகிறார், ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதே கருத்தை உயிராகக் கொண்ட விழா நம் மலையகத்திலும் உண்டு. அதுதான் காமன் கூத்து.

சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிகிறான். ரதி கதறுகிறாள். இறைவன் இரங்கி அவனை எழுப்புகிறான்; ஆயினும் அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். காமன் வழிபாடு தமிழருக்குப் புதிதல்ல. காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு கூடலாம் எனத் தேவந்தி கூற, கண்ணகி அதனை மறுத்த காட்சி சிலப்பதிகாரத்தில் வருகிறதல்லவா?

தோட்டங்களிலே மாசி அமாவாசையை அடுத்துக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ஆமணக்கு, கரும்பு, வைக்கோற்பிரி, வரட்டி ஆகியவற்றால் அமைவது அக்கம்பம். அன்றிலிருந்து வேடமேற்போர் விரதம் காப்பர். பகலெல்லாம் மலையில் உழைத்தவர்கள் இரவில் வாத்தியார் பாட, தப்பு முழங்க, ரதியாகவும் மதனாகவும் ஆடுவார்கள். ரதி வேடமும் ஆணுக்குரியதே. பௌர்ணமி இரவில் தூதன், தக்கன், வீரபத்திரன், எமன் என்று பலரும் தோன்றக் காமன் எரிக்கப்படுகிறான். மூன்றாம் நாள் உயிர்ப்பிக்கப்படுகிறான்.

அந்த இரவில் ரதியின் புலம்பல் ஒப்பாரியாகவே ஒலிக்கும். கேட்டிருக்கும் பெண்கள் தம் வீட்டு இழவுகளையும் நினைத்துக் கண்ணீர் விடுவதில் வியப்பென்ன?

ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவர் பெயரை உலகம் அறியும். காடு வெட்டி, குழி தோண்டி, கன்று நட்டவர்களின் பெயரை அறிவார் யார்? அதற்கும் முன்பே, கோப்பிக் காலத்தில், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, படையலும் இல்லை. உடன் வந்தவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த சொத்து பாட்டும் கூத்தும்தான். ஊர் தெய்வத்தோடு, ஊர்க் காமனையும் அவர்கள் இந்த மலைகளில் ஊன்றினார்கள்.

பின்னர் வந்த பிரிவோ உயிரோடிருந்தவர்களைப் பிரித்தது. 1948 இன் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேர் 1974 இல் பாதிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒரே பொட்டலில் ஆடிய ரதியும் மதனும் இப்படிப் பிரிந்திருப்பார்கள். தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் பெற்றோரைப் புதைத்த மண்ணையும் இங்கேயே விட்டுச் சென்றார்கள்.

ஆகவே மலையகத்தில் காமன் எரிவது வெறும் புராணக் கதை மட்டுமன்று. பெயரின்றிப் போனவர்களுக்காக ஒரு சமூகம் கூடி அழுகின்ற நேரம் அது. அழுதபின், போனவர் திரும்புவார் என்று ஆறுதல் கொள்ளும் நேரமும் அதுவே.

இன்று இளைஞர் பலர் வேலை தேடிக் கொழும்புக்குச் செல்கின்றனர். பாட்டோ பெரும்பாலும் வயது முதிர்ந்த வாத்தியார்களின் நினைவிலும் பழைய கொப்பிகளிலுமே இருக்கிறது. கம்பம் ஊன்றும் தோட்டங்களில் உள்ளவர்கள் அதைக் கேட்டு எழுதி, ஒலிப்பதிவும் செய்துவைக்க வேண்டும். பாடுவாரற்ற பொட்டலில் மதன் எழுந்தாலும், அவனைக் காண ரதி இருக்கமாட்டாள்.