சேமித்த அமைப்பு ஏன் காணாமல் போகிறது?

ஈஎஸ்பி32 சில்லில் ஓடும் சிறு வெப் சர்வர், செல்போன் பிரவுசரில் ஒரு படிவத்தைக் காட்டுகிறது. வைஃபை பெயரைத் தட்டி 'சேமி' பொத்தானை அழுத்தினால், அதை ஒரு ஃபங்ஷன் வாங்கிக்கொள்கிறது. அந்த ஃபங்ஷனுக்குள் அறிவித்த சாதாரண மாறி, ஃபங்ஷன் முடிந்ததுமே மறைந்துவிடும்.

வெளியே குளோபல் மாறி இருந்தும், உள்ளே அதே பெயருக்கு முன் 'ஸ்ட்ரிங்' என்று வகையையும் எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. அப்போது புதிதாக ஓர் உள்மாறி பிறக்கிறது. மதிப்பு அதற்குப் போகிறது, வெளிமாறி காலியாகவே நிற்கிறது. கம்பைலரும் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அந்த ஒரு சொல்லை நீக்கினாலே போதும்.

குளோபல் மாறியும், ஃபங்ஷனுக்குள் 'ஸ்டாட்டிக்' என அறிவித்த மாறியும் நிரல் ஓடும்வரை நிலைக்கும். ஆனால் இரண்டும் இருப்பது ரேமில். மின்சாரம் போனால் மதிப்பும் போய்விடும். நிலைக்க வேண்டியதை ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத வேண்டும். ஆர்டுயினோ சூழலில் 'பிரிஃபரன்சஸ்' நூலகம் இதற்கு உதவுகிறது. அதில் ஒவ்வொரு மதிப்புக்கும் தரும் சாவிப் பெயர் 15 எழுத்தைத் தாண்டக்கூடாது. எழுதினால் மட்டும் போதாது: சில் விழிக்கும்போது 'செட்டப்' பகுதியில் அதைப் படித்து மாறியில் இட வேண்டும். ஈஎஸ்பி8266 சில்லுக்கான ஈப்ராம் நூலகத்திலோ, 'கமிட்' அழைக்கும்வரை எழுதியதெல்லாம் ரேம் நகலில்தான் கிடக்கும்.

ஃபிளாஷுக்கும் ஆயுள் உண்டு. 4 கிலோபைட் கொண்ட ஒரு பகுதியை ஏறத்தாழ 1 லட்சம் முறை அழித்தெழுதலாம். அதனால் 'லூப்' சுற்றும்போதெல்லாம் எழுதாமல், மதிப்பு உண்மையில் மாறியபோது மட்டும் எழுதுவதே முறை.